பின்தொடைக் காயம்

உதைபந்தாட்டம் பார்க்கும் அன்பர்கள் இக்காட்சியைக் கண்டிருப்பார்கள். எதிராளி எவரும் அருகில் இல்லை. விரைந்தோடும் ஆட்டக்காரர் திடீரெனத் தொடையின் பின்புறத்தைப் பற்றிக்கொண்டு நொண்டுகிறார். இதனை நம் இல்லங்களில் 'நரம்பு இழுத்துக்கொண்டது' என்போம். நரம்பன்று அது. ஹாம்ஸ்டிரிங் எனப்படும் மூன்று தசைகளுள் ஒன்று, பெரும்பாலும் வெளிப்பக்கத்துத் தசை, நார் நாராகக் கிழிந்திருக்கிறது. முன்னே வீசிய காலைத் தரை தொடுமுன் இழுத்து நிறுத்துவது அதன் வேலை. நீண்டுகொண்டே பாரத்தையும் தாங்கும் அக்கணத்தில்தான் அது பெரிதும் பழுதுறுகிறது.

ஐரோப்பியக் கால்பந்துச் சங்கத்தின் ஆதரவில் 2001 முதல் பெருங்கழகங்களின் காயங்களைக் கணக்கெடுக்கிறார்கள். மொத்தக் காயங்களில் இதன் பங்கு 2001-02இல் நூற்றுக்கு 12, 2021-22இல் 24! மருத்துவம் இவ்வளவு வளர்ந்த பின்னரா என்று நாம் வியந்தோம். ஆட்டத்தின் வேகமும் ஆட்டங்களின் எண்ணிக்கையும் பெருகியதைக் காரணமாகக் கூறுவர்.

1999 ஏப்ரலில் லிவர்பூல் கழகத்தின் மைக்கேல் ஓவன் லீட்ஸ் நகரில் இக்காயமுற்றபோது அவருக்கு வயது 19. பின்னர்ப் பெரும் பரிசுகள் பெற்றார். எனினும் பழைய ஓட்டம் திரும்பவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். 2014 மே மாதம் லிஸ்பனில் நடந்த ஐரோப்பிய இறுதியாட்டத்தில் அட்லெடிகோ மாட்ரிட்டின் டியேகோ கோஸ்டா ஆறாத தொடையோடு இறங்கி, 9 நிமிடங்களில் வெளியேறினார். அவர் கழகம் தோற்றது.

நம் ரயில்வே குடியிருப்பிலும் அவ்வாறே நேர்ந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கான தேர்வு நெருங்கவே, ஒரு பையன் வலி தணிந்த பத்தாம் நாளே ஓடினான். வலி தணிந்தது, தசை ஆறவில்லை. மீண்டும் கிழிந்தது. தேர்வும் போயிற்று.

காசு செலவில்லாத பயிற்சி ஒன்று உண்டு. முழந்தாளிட்டு, பின்னிருந்து ஒருவர் கணுக்கால்களை அழுத்திப் பிடிக்க, உடலை வளைக்காது மெல்ல மெல்ல முன்னே சாயவேண்டும். டென்மார்க்கில் 50 குழுக்களைக் கொண்டு நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், இதைச் செய்த பிரிவில் 15 காயங்கள்; செய்யாத பிரிவில் 52. ஆயினும், ஐரோப்பியப் பெருங்கழகங்களில் மிகப்பல இதனை முறையாகக் கைக்கொள்ளவில்லை என்று 2015இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டிற்று. கோடிகளைக் கொட்டி ஆளை வாங்குவோர் இதற்கு ஏன் சோம்புகிறார்களோ!

இப்போது மாலைதோறும் அப்பையனின் தம்பி திடலோரத்தில் முழந்தாளிடுகிறான். கணுக்காலைப் பிடித்துக்கொள்பவன் அண்ணன்.