வறுத்த மியூஸ்லி

தானிய அவல், கொட்டைகள், விதைகள், உலர்பழம் ஆகியவை கலந்த காலை உணவு மியூஸ்லி எனப்படுகிறது. 1900-ஆம் ஆண்டையொட்டி, சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் மருத்துவர் மாக்சிமிலியன் பிர்ஷர்-பென்னர் தம் நோயாளிகளுக்கு இதைக் கொடுக்கத் தொடங்கினார். அது வறுக்கப்படாதது. துருவிய ஆப்பிளே அதில் முதன்மை. ஊறவைத்த ஓட்ஸ் சிறிதளவுதான். இனிப்பும் எண்ணெயும் சேர்த்து மொறுமொறுப்பாக வறுக்கும் வகையை அமெரிக்காவில் கிரானோலா என்பர்.

தேனி மாவட்டத்தில் இதைச் செய்ய ஓட்ஸ் கட்டாயமில்லை. சோளம், கம்பு, சாமை ஆகியவற்றின் அவல் கடைகளில் கிடைக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் தென்னைக்குக் குறைவில்லை. ஏலக்காய்க்குப் போடிநாயக்கனூர் பெயர் பெற்ற ஏலச்சந்தை. ஆனால் ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கான் என்ற நார்ப்பொருள் இரத்தக் கொழுப்பைக் குறைக்க உதவுவது. சிறுதானியங்களில் அது அந்த அளவுக்கு இல்லை. மறுபுறம், குளூட்டன் ஒவ்வாதவர்களுக்குச் சோளமும் கம்பும் ஏற்றவை.

திராட்சையில்தான் சிக்கல். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்னும் விதையுள்ள வகை. காயவைத்தால் சதை சுருங்கி, விதை பல்லில் கடிபடும். ஒரு கிலோ உலர்திராட்சைக்கு ஏறத்தாழ நான்கு கிலோ பழமும் தேவை. எனவே திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருப்பவரும் மகாராட்டிரத்திலிருந்து வரும் விதையில்லாக் கிஸ்மிஸைத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. பன்னீர் திராட்சையை உண்ணும்போது பச்சையாகவே மேலே போட்டுக்கொள்ளலாம். பிர்ஷர்-பென்னரின் முறைக்கு அதுவே நெருக்கமானது.

செய்முறை

சோள அவல் 200 கிராம், கம்பு அவல் 100 கிராம், சாமை அவல் 100 கிராம், நிலக்கடலை 75 கிராம், மெல்லிய கொப்பரைச் சீவல் 50 கிராம், எள் 25 கிராம் எடுத்துக்கொள்ளவும். பச்சைத் தேங்காய் வேண்டாம். அதன் ஈரம் கலவையை விரைவில் கெடுத்துவிடும்.

கடலையை முதலில் தனியே வறுத்துத் தோல் நீக்கவும். அது வறுபடும் நேரத்தில் அவல் கருகிவிடும். கனமான இரும்பு வாணலியில் அவலைச் சிறுதீயில், விரலால் நசுக்கினால் நொறுங்கும் வரை வறுக்கவும். எள்ளையும் கொப்பரையையும் கடைசி இரண்டு நிமிடங்களில் சேர்த்தால் போதும்.

80 கிராம் வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து வடிகட்டி, மூன்று மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய், நான்கு ஏலக்காயின் பொடி, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துப் பிசுபிசுப்பாகும் வரை காய்ச்சவும். உருட்டுப் பதம் வரை விட்டால் கிடைப்பது மியூஸ்லி அல்ல, கடலை மிட்டாய்! பாகை அவலில் ஊற்றி, கடலையும் சேர்த்து, ஈரம் வற்றும் வரை ஐந்தாறு நிமிடங்கள் கிளறவும். மின் அடுப்பு இருந்தால், பாகில் பிரட்டிய கலவையைத் தட்டில் பரப்பி 150 பாகை செல்சியசில் 15 முதல் 20 நிமிடங்கள் வைத்து, இடையில் ஒருமுறை கிளறலாம்.

சூடாக இருக்கையில் கலவை சற்று மென்மையாகவே இருக்கும். மொறுமொறுப்பு ஆறும்போதுதான் வரும். அதற்காக மேலும் வறுத்தால் கசக்கும். 75 கிராம் கிஸ்மிஸை முற்றிலும் ஆறிய பின்னரே கலக்கவும். அடுப்பிலிட்டால் அது கருகிக் கல்லாகிவிடும்.

இனிப்பும் இருப்பும்

மேற்கண்ட அளவில் 50 கிராம் மியூஸ்லியில் சேரும் வெல்லம் 5 கிராமுக்குச் சற்று அதிகம். கிஸ்மிஸின் இனிப்பு தனி. வெல்லமும் சர்க்கரையே என்பதால் நீரிழிவு உள்ளவர்கள் இரண்டையும் குறைப்பது நல்லது. கடையில் வாங்குவோர் பொட்டலத்தின் பின்புறத்தில் சர்க்கரை அளவைப் பார்த்து இத்துடன் ஒப்பிடலாம்.

வெல்லம் சேர்ந்திருப்பதால் கொதிக்கும் பாலில் போட்டால் பால் திரியக்கூடும். ஆறிய பாலோ தயிரோ ஏற்றது. கம்பில் கொழுப்பு சற்று அதிகம், நாள்பட்டால் சிக்கு வாடை வரும். காற்றுப் புகாத டப்பாவில் வைத்து மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.