தினை மட்டும் போதுமா? உங்கள் வீட்டு லவ் பேர்ட்ஸுக்குக் கீரை சாப்பிடக் கற்றுக்கொடுங்கள்!

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த லவ் பேர்டுக்கு 'மஞ்சு' என்று பெயர். மஞ்சள் நிறத்தில் இருந்ததால் மகள் வைத்த பெயர் அது. ஒரு கிண்ணத்தில் தினை, இன்னொரு கிண்ணத்தில் தண்ணீர். "அது பாட்டுக்குச் சாப்பிட்டுட்டு இருக்கும், ஒரு தொல்லையும் இல்லை" என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார். நாங்களும் மூன்று வருடங்கள் அப்படியே வளர்த்தோம்.

ஒருநாள் காலையில் மஞ்சு இறகுகளை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தது. கால்நடை மருத்துவர் அதைக் கையில் எடுத்து, வயிற்றை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்ன சாப்பாடு கொடுக்குறீங்க?"

"தினை டாக்டர்."

"அது தவிர?"

"ஒரு தடவை கேரட் வெச்சோம். தொடவே இல்லை."

"எத்தனை நாள் வெச்சீங்க?"

"ரெண்டு நாள்..."

அவர் எங்களைத் திட்டவில்லை. கல்லீரல் வீங்கியிருக்கிறது, கொழுப்பு சேர்ந்திருக்கலாம் என்று மட்டும் சொல்லி மருந்து எழுதிக் கொடுத்தார். நான்காவது நாள் மஞ்சு போய்விட்டது. அந்த 'ரெண்டு நாள்' என்ற பதில் மட்டும் இன்னும் என் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

லவ் பேர்ட்ஸ் என்பது யார்?

நம் ஊர்க் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கப்படும் சின்னப் பறவைகளில் பெரும்பாலானவை உண்மையில் பட்ஜிகள். முழுப்பெயர் பட்ஜெரிகர். உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு இனம். பட்ஜியின் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதி. 1840-ல் ஜான் கோல்டு என்ற பறவை ஆய்வாளர் இவற்றை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அதன்பிறகு உலகமெங்கும் வீட்டுப் பறவையாகிவிட்டது.

நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைத்து வளர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பட்ஜி வெளிநாட்டுப் பறவை என்பதால் அந்தத் தடை அதற்கு இல்லை. சுமார் 30 முதல் 40 கிராம் எடைதான் இருக்கும். நன்றாகப் பராமரித்தால் ஐந்து முதல் பத்து வருடங்கள் வரை, சில நேரம் அதற்கு மேலும் வாழும். மூன்று வருடம் என்பது அதற்கு முழு ஆயுள் இல்லை.

தினையில் என்ன குறை?

'காட்டிலும் அது புல் விதையைத்தானே சாப்பிடுகிறது?' என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால், காட்டுப் பறவை இரையையும் தண்ணீரையும் தேடிக் கூட்டம் கூட்டமாக வெகுதூரம் பறக்கிறது. நம் வீட்டுப் பறவை ஒரு கம்பியிலிருந்து இன்னொரு கம்பிக்குத் தாவுகிறது. கிண்ணமோ எப்போதும் நிறைந்தே இருக்கிறது. செலவில்லாத வரவு கொழுப்பாகத்தான் சேரும். சூரியகாந்தி விதையும் கலந்து கொடுத்தால் இன்னும் வேகமாகச் சேரும்.

அடுத்து, காய்ந்த விதைகளில் வைட்டமின் ஏ, கால்சியம், அயோடின் மிகவும் குறைவு. வைட்டமின் ஏ குறைந்தால் மூக்கு, கண், மூச்சுப்பாதையில் அடிக்கடி தொற்று வரும். அயோடின் குறைந்தால் பட்ஜிக்கும் தைராய்டு வீங்கும். மூச்சுவிடும்போது 'டிக் டிக்' என்று சத்தம் கேட்கலாம். காய்கறியும் கீரையும் முதல் குறையைப் பெருமளவு தீர்க்கும். கால்சியத்துக்குக் கூண்டில் ஒரு கணவாய் ஓட்டை மாட்டிவைக்கலாம். அயோடினுக்கு என்ன கொடுக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏன் தொட மறுக்கிறது?

பட்ஜிக்குக் கேரட் பிடிக்காமல் போவது பிறகு. முதலில், அது சாப்பாடு என்றே அதற்குத் தெரியாது. எது உணவு என்பதைக் குஞ்சுகள் தாய் தந்தையையும் கூட்டத்தையும் பார்த்துத்தான் கற்றுக்கொள்கின்றன. தினை மட்டுமே தின்று வளர்ந்த பெற்றோருக்குப் பிறந்து, தினைக் கிண்ணம் மட்டுமே இருந்த கூண்டில் வளர்ந்த பறவைக்குக் கேரட் துண்டு ஒரு புது மிரட்டல். பயந்து ஒதுங்குவது அதன் தற்காப்பு. இரண்டு நாளில் அந்தப் பயம் போகாது. சில பறவைகளுக்குச் சில வாரம், சிலவற்றுக்குச் சில மாதம்கூட ஆகும்.

எப்படிப் பழக்குவது?

மஞ்சு போய் ஆறு மாதம் கழித்து, ஒரு ஜோடியை வாங்கி வந்தோம். இந்த முறை விடாமல் முயற்சி செய்தோம். எங்களுக்குப் பலன் கொடுத்தவை இவை:

* ஈரக் கொத்தமல்லி: நன்றாகக் கழுவி, தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு சின்னக் கொத்தைத் துணி காயப்போடும் கிளிப்பால் கூண்டுக் கம்பியில் மாட்டுங்கள். பட்ஜிகளுக்கு ஈர இலையில் உரசிக் குளிப்பது பிடிக்கும். குளிக்க வந்த பறவை அப்படியே ஒரு கடி கடித்துப் பார்க்கும்.

* இடம் முக்கியம்: கூண்டின் தரையில் வைக்காமல், பறவை வழக்கமாக உட்காரும் கம்பிக்குப் பக்கத்தில், அதன் தலை உயரத்தில் மாட்டுங்கள். மிரண்டால் முதலில் கூண்டுக்கு வெளியே மாட்டி, நாளுக்குநாள் நெருங்குங்கள்.

* தினையோடு கலப்பது: கேரட்டைத் துருவி, மேலே கொஞ்சம் தினை தூவுங்கள். தினையைப் பொறுக்கும் அலகில் கேரட்டும் ஒட்டும். ருசி அப்படித்தான் அறிமுகமாகும்.

* முளைகட்டிய தானியம்: பச்சைப்பயறு, தினை, கம்பு இவற்றை முளைகட்டிக் கொடுக்கலாம். விதைக்கும் காய்கறிக்கும் நடுவில் இது நல்ல பாலம். புளித்த வாடையோ வழவழப்போ இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

* காலை நேரம்: விடிந்ததும் பசி அதிகம் இருக்கும். முதலில் காய்கறியை வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தினைக் கிண்ணத்தை வையுங்கள்.

* நீங்கள் சாப்பிட்டுக் காட்டுங்கள்: இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. உங்கள் வீட்டுப் பறவைக்கு நீங்கள்தான் கூட்டம். கூண்டின் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் கேரட் கடிப்பதை அது பார்க்கட்டும். வாயில் வைத்ததை மட்டும் ஊட்டாதீர்கள். நம் எச்சிலில் உள்ள கிருமிகள் பறவைக்கு ஆகாது.

எதைக் கொடுக்கலாம்?

முருங்கைக்கீரை, கொத்தமல்லி, சிறுகீரை, கேரட், மஞ்சள் பூசணி, பீன்ஸ், புரோக்கோலி, குடைமிளகாய், வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு எல்லாமே நல்லவை. பாலக்கீரையில் உள்ள ஆக்ஸலேட், கால்சியத்தை உடம்பில் சேரவிடாது என்பதால் எப்போதாவது போதும். பச்சைமிளகாய்கூடக் கொடுக்கலாம். மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைப்பதில்லை!

பப்பாளி, கொய்யா, மாதுளை, விதை நீக்கிய ஆப்பிள் போன்ற பழங்களில் சர்க்கரை அதிகம். வாரத்தில் இரண்டு மூன்று நாள், சுண்டுவிரல் நகம் அளவுத் துண்டு போதும்.

பூச்சிமருந்து போக நன்றாக அலசிக் கழுவுங்கள். நம் ஊர் வெயிலில் நறுக்கிய காய் சீக்கிரம் கெட்டுவிடும். இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள்.

எதைக் கொடுக்கவே கூடாது?

அவகாடோ எனும் வெண்ணெய்ப்பழம் பறவைகளுக்கு விஷம். சாக்லேட், காபி, டீ, வெங்காயம், பூண்டு, ஆப்பிள் விதை, உப்புப் போட்ட தின்பண்டங்கள் எதுவும் வேண்டாம். குழந்தைகள் ஆசையாக நீட்டும் சிப்ஸும் இதில் சேர்த்திதான்.

பட்டினி போடாதீர்கள்

'பசித்தால் தானாகச் சாப்பிடும்' என்று சிலர் தினையை முழுவதும் நிறுத்திவிடுவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். இவ்வளவு சின்ன உடம்பு ஒரு நாள் பட்டினியைக்கூடத் தாங்காது. தினையைக் குறைப்பதும் மெதுவாகத்தான் நடக்க வேண்டும்.

கிராம் காட்டும் சமையலறைத் தராசில் வாரம் இருமுறை எடை பாருங்கள். 35 கிராம் பறவை மூன்று நான்கு கிராம் குறைந்தாலே எச்சரிக்கைதான். காய்கறி சாப்பிட ஆரம்பித்ததும் எச்சம் கொஞ்சம் நீர்த்துப் போவதும், பீட்ரூட் தின்றால் சிவப்பாவதும் சகஜம். ஆனால், எச்சம் மிகவும் குறைந்தாலோ, பறவை இறகை உப்பிக்கொண்டு தூங்கி வழிந்தாலோ முயற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள். ஏற்கெனவே நோய்ப்பட்ட பறவைக்கு அவரைக் கேட்காமல் உணவை மாற்ற வேண்டாம்.

எங்கள் புது ஜோடி மூன்று வாரம் எதையும் தொடவில்லை. தினமும் காலையில் வைத்து, வாடியதை எடுத்துப் போடுவதே வேலையாக இருந்தது. "வீணாப் போகுதேம்மா, இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று அத்தைகூடக் கேட்டார். பிறகு ஒருநாள் அவரே கூண்டுக்குப் பக்கத்தில் முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஒரு காம்பைக் கம்பி வழியே சும்மா நீட்டியிருக்கிறார். பச்சைப் பறவை கழுத்தை நீட்டி, ஒரு இலையைக் கடித்து இழுத்தது. அதைப் பார்த்த நீலமும் பக்கத்தில் வந்து மறு இலையைப் பிடித்தது.

"ஏய், சாப்பிடுது பாரு!" என்று அத்தை போட்ட சத்தத்தில் இரண்டும் பயந்து பின்னால் பறந்துவிட்டன. ஆனால், ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தன.

இப்போது எங்கள் வீட்டில் கீரை ஆய்ந்தால் முதல் காம்பு கூண்டுக்குத்தான். உங்கள் வீட்டிலும் இன்று வைத்த கீரை அப்படியே வாடிக் கிடந்தால் சலித்துப்போகாதீர்கள். நாளைக்கும் வையுங்கள்.