கூழ்ப்பானையைச் சுற்றி இருப்போர்

யாழ்ப்பாண நகரின் தென்புற விளிம்பில், ஆழம் குறைந்ததால் உள்ளூரார் பரவைக்கடல் என்று அழைக்கும் கடனீரேரியைத் தொட்டபடி கிடக்கும் குருநகர், முன்னாளில் கரையூர் என்ற பெயரால் அறியப்பட்ட கத்தோலிக்க மீனவர் குடியிருப்பாகும். புனித யாகப்பர் ஆலயமும் இறங்குதுறையும் ஊரின் அடையாளங்களாக இருப்பதைப் போலவே, பக்கத்து ஊரான பாசையூரோடும் தீவகக் கரைகளோடும் அது பகிர்ந்துகொள்ளும் மற்றொரு அடையாளம் கூழ் ஆகும். தமிழ்நாட்டு வாசகருக்குக் கூழ் என்றவுடன் கேழ்வரகோ கம்போ நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்திலோ அடைமொழி எதுவுமின்றிக் கூழ் என்று சொன்னால், பனங்கிழங்கு மாவில் நண்டும் இறாலும் மீனும் காய்கிழங்குகளும் சேர்த்துக் காய்ச்சப்படும் உறைப்பான ஒடியற்கூழையே அது குறிக்கும்.

நண்பரோடும் அயலாரோடும் உணவைப் பகிர்ந்துகொள்வது உலகெங்கும் உள்ள வழக்கமே. ஆயினும் பெரும்பாலான உணவுகளைப் பொறுத்தவரை பகிர்வு என்பது சமைத்து முடித்த பின் எடுக்கப்படும் முடிவு. சோற்றையும் மீன்குழம்பையும் ஒருவருக்கும் சமைக்கலாம், ஐம்பது பேருக்கும் சமைக்கலாம். கூழ் அப்படிப்பட்டதன்று. அதன் சுவை ஒரு பொருளிலிருந்து வருவதன்று, பல பொருள்களின் சாறு ஒரே நீரில் இறங்கிக் கலப்பதிலிருந்து வருவது. அந்தக் கலப்பை நான்கு பேருக்கென்று அளவிட்டால் அரை நண்டு, இரண்டு இறால், ஒரு துண்டுக் கணவாய் என்று கணக்கு நகைப்புக்கிடமாகிவிடும். ஆகவே பானை பெரிதாகிறது, பானை பெரிதானதும் ஆட்களைத் தேட வேண்டியிருக்கிறது. காய்ச்சிய கூழ் ஆறினால் மாவின் இயல்பால் தடித்து இறுகிவிடுவதால் மறுநாளுக்கென்று எடுத்துவைப்பதிலும் பயனில்லை. சுருங்கச் சொன்னால், கூழைப் பகிர்வது பெருந்தன்மையின் விளைவு என்பதைவிடப் பண்டத்தின் கட்டாயம் என்பதே பொருத்தமாக இருக்கும்.

கூழுக்கு உடல் கொடுப்பது ஒடியல் மா. பனங்கொட்டைகளை மண்பாத்தியில் அடுக்கி முளைக்கவிட்டுச் சில மாதங்களின் பின் கிண்டி எடுக்கப்படும் கிழங்கை, பச்சையாகவே பிளந்து வெயிலில் காயவைத்தால் கிடைப்பது ஒடியல். அவித்த பின் காயவைத்தால் அது புழுக்கொடியல் எனப்படும். முன்னது இடித்தோ அரைத்தோ மாவாக்குவதற்குரியது, பின்னது தேங்காய்ச்சொட்டோடு கடித்துத் தின்பதற்குரியது. ஒடியல் மாவில் இயல்பாகவே ஒரு கயர்ப்பு, அதாவது நாக்கைப் பிடிக்கும் துவர்க்கசப்பு, இருப்பதால், அதை நீரில் நெடுநேரம் ஊறவைத்து, மேலே தெளிந்து நிற்கும் நீரை வடித்துவிட்டு, அடியில் தங்கும் மாவை மட்டுமே எடுப்பார்கள். கூழுக்கான ஆயத்தம் அடுப்பு மூட்டுவதற்குப் பல மணி நேரம் முன்னதாகவே தொடங்கிவிடுவதற்கு இந்த ஊறலே காரணமாகும்.

காய்ச்சும் முறையில் வீட்டுக்கு வீடு வேறுபாடு உண்டென்றாலும் வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை. கொதிக்கும் நீரில் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பயிற்றங்காய் ஆகிய வேக நேரம் பிடிப்பவை முதலில் விழும். அவை பாதி வெந்ததும் நண்டும் மீன்தலையும் முள்மீன்களும், அவற்றின் பின் இறாலும் கணவாயும் சேரும். செத்தல் மிளகாயையும் மஞ்சளையும் அரைத்த கூட்டோடு பழப்புளிக் கரைசலும் உப்பும் இடப்பட்டபின், கடைசியில்தான் ஊறிய ஒடியல் மா கரைத்து ஊற்றப்படும். இந்தக் கடைசிக் கட்டத்தில் கை ஓய்ந்தால் மா கட்டிபட்டுவிடும் என்பதால் ஒருவர் விடாமல் துழாவ, மற்றொருவர் ஊற்ற, மூன்றாமவர் முருங்கையிலை உருவிப் போட, சூழ நிற்கும் ஏனையோர் உப்புப் புளி பற்றித் தீர்ப்புக் கூறிக்கொண்டிருப்பர். நண்டு உடைப்பதும் இறால் கோதுவதும் கூடி அமர்ந்து செய்யும் வேலைகளே. அன்றாடச் சமையலைப் பெண்கள் மீதே சுமத்திப் பழகிய சமூகத்தில் ஆண்கள் தாமாக அடுப்படிக்கு வந்து நிற்கும் சில வேளைகளில் கூழ் காய்ச்சும் நாளும் ஒன்று. ஆனால் பானை கழுவும் வேலை யாரிடம் போய்ச் சேர்கிறது என்ற கேள்விக்குப் பல வீடுகளில் விடை இன்னும் பழையதாகவே இருக்கிறது.

தொன்மையான தமிழ் உணவென்று கூழைப் போற்றுவோர் அதன் பொருள்களின் வரலாற்றையும் கவனிப்பது நல்லது. பனையும் பலாவும் கடலும் பழையவைதாம். ஆனால் கூழுக்கு உறைப்பையும் நிறத்தையும் தரும் மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர், மரவள்ளி தென்னமெரிக்காவுக்குரியது. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரைப் போன்ற ஐரோப்பியக் கடலோடிகளின் வழியாகவே இவை ஆசியக் கரைகளுக்குப் பரவின. கரையூராரின் கத்தோலிக்க சமயமும் அதே கடல்வழியில் வந்ததே. மிளகாய் வருவதற்கு முன்னரும் மாவும் மீனும் ஒரே பானையில் வெந்திருக்கலாம், ஆனால் இன்று குருநகரில் காய்ச்சப்படும் சிவந்த கூழ் அந்தத் தொடர்புகளுக்கு முந்தியதாக இருக்க முடியாது. பழமை குறைந்தது என்பதால் சுவை குறைந்துவிடப் போவதில்லை.

கூழுக்கு மிக நெருங்கிய உறவினரைத் தேடினால் பிரான்சின் மார்செய் துறைமுகம் வரை போக வேண்டியிருக்கும். அங்கே பூயாபேஸ் என்று வழங்கும் மீன்ரசம், விலைபோகாத முள்மீன்களை மீனவர் தமக்கென்று வேகவைத்த எளிய உணவாகத் தொடங்கி, பின்னர் குங்குமப்பூவும் உயர்ரக மீன்களும் சேர்ந்த விலையுயர்ந்த உணவகப் பண்டமாக மாறிற்று. போலிகள் பெருகியதால் 1980இல் உணவக உரிமையாளர் சிலர் கூடி அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு சாசனமே எழுதினர். கூழும் அந்தப் பாதையில் சில அடிகள் எடுத்துவைத்துள்ளது. யாழ்ப்பாண உணவகங்களில் இன்று பயணிகளுக்கென்று அது கோப்பைக் கணக்கில் விற்கப்படுகிறது. அந்தக் கூழில் சுவைக்குக் குறைவிருக்க வேண்டியதில்லை. ஆயினும் அறிமுகமில்லாத மேசையில் தனியொருவர் முன்னே வைக்கப்படும் ஒரு கோப்பைக் கூழ், வீட்டு முற்றத்துக் கூழிலிருந்து வேறான ஒரு பண்டம் என்றே கொள்ள வேண்டும்.

இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள மானிடவியலாளர் குளோட் லெவி-ஸ்ட்ரோஸ் 1965இல் வெளியிட்ட ஒரு கருத்து உதவும். பானைக்குள் வேகவைத்த உணவு பெரும்பாலும் வீட்டாருக்கும் நெருங்கியோருக்கும் உரியதாகவும், தீயில் வாட்டிய உணவு வெளியாருக்குப் படைக்கும் விருந்துக்குரியதாகவும் பல சமூகங்களில் கருதப்படுகின்றன என்று அவர் வாதிட்டார். இதற்கு விலக்குகள் ஏராளம் உண்டு. ஆனால் கூழைப் பொறுத்தவரை கருத்து பெரிதும் பொருந்துகிறது. திருமண விருந்தில் அழைத்தவர், அழைக்கப்பட்டவர் என்ற பிரிவு உண்டு, முதற்பந்தி யாருக்கு என்ற கேள்வி உண்டு, வாழையிலையில் எது எங்கே வைக்கப்பட வேண்டும் என்ற ஒழுங்கும் உண்டு. கூழுக்கு இவை எதுவும் இல்லை. பனையோலையைக் கோலிக் கட்டிய பிளாவிலோ, ஈர்க்குக் குத்தி மடித்த பலாவிலையிலோ, சிரட்டையிலோ, இக்காலத்தில் கோப்பையிலோ வாங்கி, முற்றத்தில் கிடைத்த இடத்தில் குந்தியிருந்து, நண்டுக்காலை வாயால் உடைத்து, மூக்கில் நீர் வடிய உறிஞ்சிக் குடிக்கும் உணவு அது. அத்தகைய கோலத்தில் ஒருவர் முன் மற்றொருவர் கூச்சமின்றி இருக்க வேண்டுமானால் நட்பு முன்னரே இருந்தாக வேண்டும். அதனால்தான் சம்பந்தி வீட்டாரை முதன்முதலாக அழைக்கும்போது எவரும் கூழ் காய்ச்சுவதில்லை.

நெருங்கியோருக்கு மட்டும் என்ற அந்த எல்லைக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. யாழ்ப்பாணச் சமூகத்தில் யாரோடு யார் உண்ணலாம், யார் கையால் யார் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம் என்பன சாதியால் கடுமையாக வரையறுக்கப்பட்டிருந்தன. 1920களில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சாதி வேறுபாடின்றி ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் சமபந்திபோசனத்தை வற்புறுத்தியபோது அது பெரும் புரட்சியாகப் பார்க்கப்பட்டது. தேநீர்க்கடையில் தாழ்த்தப்பட்டோருக்கென்று தனிக்குவளையும் தனியிருக்கையும் வைக்கும் வழக்கத்திற்கு எதிராகப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது; பொது இடங்களில் இத்தகைய பாகுபாட்டைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்த பின்னரும் அந்தப் போராட்டம் முடியவில்லை. சட்டம் கடையைத் திறந்துவிடலாம், முற்றத்தை அதனால் திறக்க முடியாது. கூழ்ப்பானையைச் சுற்றி நிலவும் சமத்துவத்தைப் புகழ்வோர் அந்த வட்டத்துக்குள் யார் அழைக்கப்பட்டனர் என்பதையும் சேர்த்தே எண்ணிப்பார்க்க வேண்டும்.

கூழ் ஓய்வுநாளுக்குரியது, அன்றாடப் பகிர்வு இதைவிட அமைதியாக நடக்கும். கிடுகாலும் பனையோலையாலும் வேலி அடைத்த காலத்தில், இரு வளவுகளுக்கு இடையே ஆள் நுழையும் அளவுக்கு விடப்படும் திறப்பைப் பொட்டு என்பர். ஒரு கோப்பை மீன்குழம்பும், பொரித்த நெத்தலியும், அவித்த மரவள்ளியும் சம்பலும் அந்தப் பொட்டு வழியாகவே பயணம் செய்தன. பாத்திரம் வெறுமையாகத் திரும்புவதில்லை என்பது எழுதப்படாத விதி. நத்தாருக்குக் கத்தோலிக்க வீட்டிலிருந்து கேக்கும் பயத்தம் பணியாரமும் சைவ வீட்டுக்குப் போனால், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அங்கிருந்து பொங்கலும் முறுக்கும் வடையும் திரும்பிவரும். ஆடி மாதம் முதல் நாளில் சைவ வீடுகளில் காய்ச்சப்படும் ஆடிக்கூழ், அரிசிமாவும் பயறும் தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் சேர்ந்த இனிப்புக் கூழாகும். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் சிறுவர்களுக்காக அந்நாளைப் பாடியதால், அதைக் குடித்தறியாத பிள்ளைகளும் பாட்டு வழியாக அதன் சேர்மானத்தை அறிவர். ஆடிப்பிறப்பு யூலை நடுப்பகுதியிலும் குருநகரின் காவலரான புனித யாகப்பரின் திருநாள் யூலை 25இலும் வருவது தற்செயலே எனினும், பலகாரப் பரிமாற்றத்துக்கு அது வசதியான தற்செயல். வேலிகள் இருந்த இடத்தில் இன்று மதில்கள் எழுந்துவிட்டதால், கோப்பையோடு போகிறவர் பொட்டைவிட்டுப் படலையைச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது.

உள்நாட்டுப் போர் இந்தப் பகிர்வுகள் அனைத்தையும் அடியிலிருந்து அசைத்தது. 1986 யூன் 10 அன்று, குருநகருக்கு எதிரே உள்ள மண்டைதீவுக் கடலில் தொழிலுக்குப் போயிருந்த மீனவர் முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர்; 1993 நவம்பர் 13 அன்று புனித யாகப்பர் ஆலயத்தின் மீதே குண்டு வீசப்பட்டது. கடற்றொழிலுக்குத் தடையும் நேரக் கட்டுப்பாடும், 1990களின் பொருளாதாரத் தடையால் எரிபொருள் தட்டுப்பாடும் சேர்ந்தபோது, கரையில் இருந்தவருக்கே மீன் அரிதாயிற்று. 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாண நகர மக்கள் ஒட்டுமொத்தமாக இடம்பெயர்ந்தபோது கலைந்த அயல், மீண்டும் அதே அயலாகக் கூடவில்லை. பலவகைக் கடலுணவும் பலவகை மரக்கறியும் ஒரே நாளில் கிடைத்தால்தான் கூழ் என்பதால், கடல் மூடப்பட்டதையும் பாதை அடைக்கப்பட்டதையும் எந்தச் சமையலையும்விட முதலில் உணர்ந்தது கூழ்தான் எனலாம்.

புலம்பெயர்ந்தோர் வாழும் ரொறன்ரோ, இலண்டன், பாரிஸ் போன்ற நகரங்களில் கூழ் வேறொரு வாழ்வு பெற்றது. கோடைகால ஒன்றுகூடல்களில், பூங்காக்களிலும் வீட்டுப் பின்வளவுகளிலும், எரிவாயு அடுப்பில் பெரிய அலுமினியப் பாத்திரம் ஏற்றப்படுகிறது. பொதி செய்த ஒடியல் மா தமிழ்க் கடைகளில் கிடைக்கிறது. பலாக்கொட்டை தகரப்பேணியிலிருந்தோ உறைகுளிரில் வைத்த பையிலிருந்தோ வருகிறது. ஒரே ஒழுங்கையில் பிறந்து வெவ்வேறு நகர்ப்புறங்களில் ஒரு மணி நேர ஓட்டத்தொலைவில் வாழ்வோரைச் சேர்ப்பதற்கு, தனியாகச் சமைக்க முடியாத ஒரு பண்டம் பொருத்தமான சாக்காக அமைகிறது. பிள்ளைகள் பலர் நண்டை எடுத்துக்கொண்டு கூழை விட்டுவிடுகிறார்கள் என்பது அத்தகைய கூடல்களில் பெரியவர்கள் வழக்கமாகக் கூறும் குறை.

நண்டு பற்றிய குறை குருநகரிலும் உண்டு, ஆனால் அது வேறு வகையானது. யாழ்ப்பாணக் கடனீரேரியில் பிடிபடும் நீலக்கால் நண்டு இப்போது முக்கிய ஏற்றுமதிப் பொருளாகிவிட்டதால், கரையில் வந்திறங்கும் நண்டில் சதைப்பிடிப்பான பெரியவை நிறுத்து வாங்கப்பட்டுப் பதனிடும் தொழிற்சாலைகளுக்கும் அங்கிருந்து அமெரிக்கா உள்ளிட்ட வெளிநாடுகளுக்கும் போகின்றன. முன்னர் அயலாருக்குச் சும்மா கொடுக்கப்பட்ட நண்டுக்கு இன்று கிலோவுக்கு விலை இருப்பதால், கொடுக்கும் கை கொஞ்சம் தயங்குவதில் வியப்பில்லை. ஏற்றுமதியாளர் வேண்டாமென்று ஒதுக்கும் கால் ஒடிந்தவையும் சதை மெலிந்தவையும் உள்ளூர்ச் சந்தைக்கும் வீடுகளுக்கும் வந்து சேர்கின்றன. கூழுக்கு அவை தாராளமாகப் போதும். ஏனெனில் நண்டிடம் பானை எதிர்பார்ப்பது சதையைவிட ஓட்டிலிருந்து இறங்கும் சாற்றைத்தான், அந்தச் சாறு கால் ஒடிந்த நண்டிலும் முழுதாகவே இருக்கிறது.