அமெரிக்க ரவுட்டரும் இந்திய ரவுட்டரும் ஜோடி சேருமா? வெளிநாட்டு மெஷ் வைஃபை வாங்கும் முன் தெரிஞ்சுக்கோங்க!

மறைமலை நகர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பகுதிகளில் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய், வல்லம் வடகால் யமஹா என கொரிய, ஜப்பானிய தொழிற்சாலைகள் ஏராளம். அங்கிருந்து வரும் பொறியாளர்கள் ரவுட்டரையும் கையோடு கொண்டுவருவது உண்டு. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது மெஷ் வைஃபை பெட்டி வாங்கி வருவதும் உண்டு. மாடியில் சிக்னல் வரலையேன்னு அதே பிராண்டில் இன்னொன்றை இங்கே வாங்கி இணைத்தால், இரண்டும் சேரவே மாட்டேன் என்கிறது. ஏன்?

ஒரே பிராண்டுதானே, அப்புறம் என்ன பிரச்னை?

வைஃபை ரேடியோ அலையில் இயங்குகிறது. எந்தச் சேனலை, எவ்வளவு சக்தியில் பயன்படுத்தலாம் என்பதை ஒவ்வொரு நாடும் தனித்தனியாக முடிவு செய்கிறது. அந்த விதி கருவியின் மென்பொருளிலேயே பூட்டப்பட்டிருக்கும். அமெரிக்காவில் விற்கப்படும் ரவுட்டர்களில் நாட்டை மாற்றும் வசதி பெரும்பாலும் இருக்காது.

எங்கே இடிக்கிறது?

2.4 ஜிகாஹெர்ட்ஸ்: இந்தியாவில் 1 முதல் 13 வரை சேனல்கள் உண்டு. அமெரிக்கக் கருவிகள் பொதுவாக 11-உடன் நின்றுவிடும். மெயின் ரவுட்டர் 13-ல் இருந்தால், அமெரிக்கப் பெட்டிக்கு அது கண்ணிலேயே படாது.

5 ஜிகாஹெர்ட்ஸ்: இந்தியா 2018 அக்டோபரில் 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தது. 149-க்கு மேற்பட்ட சேனல்களும் இதில் அடங்கும். ஜப்பானில் வைஃபைக்கு அந்தச் சேனல்கள் இல்லை. மெயின் ரவுட்டர் 149-க்குத் தாவினால் ஜப்பான் பெட்டி துண்டாகிவிடும்.

6 ஜிகாஹெர்ட்ஸ்: அமெரிக்கா 2020-ல் 1200 மெகாஹெர்ட்ஸை மொத்தமாகத் திறந்தது. இந்தியாவின் 2025 மே மாத வரைவு விதிகள் முன்மொழிந்தது, 5925 முதல் 6425 வரையிலான 500 மெகாஹெர்ட்ஸை மட்டுமே. ஆக, அமெரிக்கப் பெட்டி இந்த வரம்பைத் தாண்டியும் அலை பரப்பலாம்.

மெஷ்ஷில் எல்லாப் பெட்டிகளும் ஒரே சேனலில் பேசினால்தான் வேலை நடக்கும். அதனால் பல நிறுவனங்கள் வேறு நாட்டுப் பெட்டியைச் சேர்க்கவே ஆப்பில் அனுமதிப்பதில்லை.

மென்பொருளை மாத்திட்டா போதுமா?

வேண்டாம். இந்தியாவில் விற்கப்படும் வைஃபை கருவிகளுக்கு தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு வழங்கும் இ.டி.ஏ. ஒப்புதல் தேவை. உரிமம் தேவையில்லை என்ற சலுகை விதிக்குள் இருக்கும்வரைதான். மென்பொருளை மாற்றினால் வாரன்டியும் போகும், பெட்டியே செயலிழக்கவும் வாய்ப்புண்டு.

அடாப்டரைப் பார்த்தீங்களா?

இதுதான் முதலில் பார்க்க வேண்டியது. அடாப்டரில் 100-240 வோல்ட் என்று இருந்தால், பின்னை மாற்றும் கன்வெர்ட்டர் போதும். 100 அல்லது 120 வோல்ட் மட்டும் என்று இருந்தால், நம்ம ஊர் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகவே கூடாது. கருகிவிடும், தீப்பிடிக்கவும் கூடும்.

அப்போ என்னதான் செய்யலாம்?

• எல்லாப் பெட்டிகளையும் ஒரே மாடலில், இந்தியப் பதிப்பாகவே வாங்குங்க.
• பெட்டியின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் மாடல் எண்ணையும் நாட்டுக் குறியீட்டையும் ஒப்பிட்டுப் பாருங்க.
• லேன் கேபிளில் இணைத்தால் பெட்டிகளுக்கு இடையிலான சிக்னல் சிக்கல் தீரலாம். ஆனால் வெளிநாட்டுப் பெட்டி பரப்பும் வைஃபை அந்த நாட்டு விதிப்படியே இருக்கும்.
• வைஃபையை அணைக்க முடிகிற மாடல் என்றால், அதை வெறும் லேன் சுவிட்சாகப் பயன்படுத்தலாம்.

வெளிநாட்டில் விலை குறைவுன்னு சொந்தக்காரர்களிடம் சொல்லிவிடும் முன், ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. வாரன்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டில்தான் செல்லும். பெட்டி சேரலைன்னா, திருப்பிக் கொடுக்கவும் வழியிருக்காது.