படிவம் 27: நீக்கப்பட்ட கேள்விகள்

2023 மார்ச் 31 வரை காப்புரிமை பெற்று, அதை நடப்பில் வைத்திருப்பவர்கள் படிவம் 27 தாக்கல் செய்யக் கடைசி நாள் 2026 செப்டம்பர் 30. அந்தமானின் டெலானிபூர்ப் பக்கமிருந்து வரும் கடிதங்கள் பலவற்றிலும் ஒரே சந்தேகம்: "வருஷா வருஷம் கொடுத்தோம், இடையில் யாரும் கேட்கவில்லை, விட்டுவிட்டார்களா?" விடவில்லை. 2024 மார்ச் 15 முதல் நடப்பில் உள்ள திருத்த விதிகளின்படி, மூன்று நிதியாண்டுகளுக்கு ஒருமுறை கொடுத்தால் போதும். 2023-24 முதல் 2025-26 வரைக்கான கணக்குதான் இப்போது கேட்கப்படுகிறது.

தேதியைவிட, படிவத்தில் எதையெல்லாம் இனிக் கேட்க மாட்டார்கள் என்பதே என்னை உறுத்துகிறது. இருபது ஆண்டு தனியுரிமை தந்ததற்கு ஈடாக, அந்தக் கண்டுபிடிப்பு நாட்டில் பயன்பட்டதா என்று அரசு கணக்குக் கேட்பதுதான் இந்தப் படிவம். முன்பு எத்தனை தயாரித்தீர்கள், எந்த நாட்டிலிருந்து எவ்வளவு இறக்குமதி, என்ன மதிப்பு, மக்கள் தேவை நியாயமான விலையில் நிறைவேறியதா என்றெல்லாம் எழுத வேண்டும். 2020-இல் எண்ணிக்கையும் மக்கள் தேவையும் நீங்கின. 2024-இல் பண மதிப்பும் போயிற்று. பயன்பாட்டில் உண்டா இல்லையா, இல்லையெனில் ஏன், உரிமம் தர விருப்பமா என்ற அளவுக்குப் படிவம் சுருங்கிவிட்டது. நடைமுறைச் சுமையைக் குறைத்தோம் என்கிறது அரசு. குறைந்தது காப்புரிமைதாரரின் சுமை மட்டுமே.

நெக்சாவர் வழக்கைப் பாருங்கள். மாதம் சுமார் 2,80,000 ரூபாய்க்கு பேயர் விற்ற புற்றுநோய் மருந்தை 8,800 ரூபாய்க்குத் தர நாட்கோவுக்கு 2012 மார்ச்சில் கட்டாய உரிமம் கிடைத்தது. மருந்து எவ்வளவு குறைவாக வந்தது என்பதற்குப் பேயரே படிவம் 27-இல் எழுதிய கணக்கும் சான்றானது. பலர் படிவமே கொடுப்பதில்லை, கொடுத்தாலும் அரைகுறை என்று சட்ட அறிஞர் ஷம்நாத் பஷீர் 2015-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அவர் கேட்டது கண்டிப்பு. முடிவில் வந்தது சின்னப் படிவம்.

நிறுவனங்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. பஜாஜின் இரட்டை ஸ்பார்க் பிளக் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். சிறிய சிலிண்டரில் இரு பக்கமும் தீப்பொறி விழுவதால் எரிபொருள் சீக்கிரமாகவும் முழுமையாகவும் எரியும். அந்த இன்ஜினின் காப்புரிமைக்காகத்தான் டிவிஎஸ்ஸுடன் 2007-இல் தொடங்கிச் சென்னை உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று போராடி 2019-இல் சமாதானமானார்கள். ஒரு பைக்கின் விலையில் அந்தப் பிளக்கின் பங்கு எத்தனை ரூபாய் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் எத்தனை பைக்குகளில் அது இருக்கிறது என்று எண்ண முடியும். கண்டுபிடிப்பு ஒரு சம்பளப் பட்டுவாடா அமைப்பாக இருந்தாலும், எத்தனை பேருக்கு அதன்வழி சம்பளம் போகிறது என்று எண்ணலாம். ரூபாயை விட்டுவிட்டு எண்ணிக்கையை வைத்திருக்க வேண்டும். இரண்டையும் எடுத்தது தவறு.

மற்றக் கேள்விகள்:

சம்பளப் பட்டுவாடா மென்பொருளுக்குக் காப்புரிமை கிடைக்குமா? வணிக முறைக்கும் வெறும் கணினி நிரலுக்கும் காப்புரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு தடை. தொழில்நுட்பச் சிக்கல் ஒன்றைத் தீர்ப்பதாகக் காட்டினால் வழியுண்டு.

அந்தமானுக்கு எந்த அலுவலகம்? சென்னை அல்ல, கொல்கத்தா.

கட்டணம்? இல்லை.

தாக்கல் செய்யாவிட்டால்? ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், தொடர்ந்து தவறினால் நாளுக்கு ஆயிரம் வரை கூடுதல். பொய்த் தகவலுக்கு இருந்த சிறைத் தண்டனை 2024 ஆகஸ்ட் முதல் இல்லை.

கிடப்பில் இருக்கும் காப்புரிமையை வேறொருவர் கேட்கலாமா? காப்புரிமை தந்து மூன்றாண்டு கழிந்ததும் கட்டாய உரிமம் கோரலாம்; எவ்வளவு பயன்பட்டது என்ற கணக்கை இனி அவர்தான் தேடித் திரட்ட வேண்டும்.