வெந்நீர் ஊற்றுக்கு எரிமலை வேண்டுமா?

தஞ்சோங் டாவாய் மீன்பிடித் துறையில் நின்று வடகிழக்கே நோக்கினால் 1,217 மீட்டர் உயர்ந்த ஜெராய் மலை தெரியும். அது தனித்து நிற்பதைக் கண்டு, அணைந்த எரிமலை என்று எண்ணுவோர் உண்டு. கடாரத்துக்கு வந்த கப்பல்களுக்கு அடையாளமாய் நின்ற அம்மலை எரிமலையன்று. நிலத்தின் ஆழத்தில் மெல்ல இறுகிய கருங்கல்லும், அது ஊடுருவிய பழைய படிவுப் பாறையும் சேர்ந்தது.

அங்ஙனமாயின் பாலிங் வட்டாரத்து உலு லெகோங்கில் வெந்நீர் ஊறுவது எவ்வாறு? ‘எரிமலையால்’ என்று எழுதும் மாணவர் பிழை செய்கின்றனர். மழைநீர் பாறைப் பிளவுகள் வழியே ஆழத்திற்கு இறங்குகிறது. கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை வெப்பம் கூடும். கருங்கல்லில் உள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்கச் சிதைவும் சிறிது வெப்பம் தரும். சூடேறிய நீர், ஆறுமுன் மற்றொரு பிளவு வழியே விரைந்து மேலெழுகிறது. தீபகற்பத்துக் கருங்கல்லில் பெரும்பகுதி இறுகி ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளாயின. அதன் பழைய வெப்பம் எப்போதோ தணிந்துவிட்டது.

லங்காவியின் ‘ஆயர் ஹாங்காட்’ என்னும் மலாய்ப் பெயரும், நம் ‘வெந்நீர் ஊற்று’ம் நீரையே சுட்டுகின்றன, தீயையன்று. மொழி இங்கே புவியியலைப் பிழையின்றிச் சொல்லிவிட்டது!

குளிக்க இந்நீர் போதும். மின்சாரத்துக்கு மிகுந்த வெப்பம் வேண்டும். சபாவில் தாவாவ் அருகே ஆப்பாஸ் கிரியில் நிலைமை வேறு. அது புவியியல் கணக்கில் அண்மைக்கால எரிமலை நிலம். அங்கே 30 மெகாவாட் புவிவெப்ப மின்நிலையம் திட்டமிடப்பட்டது. பணி நிறைவேறாமல் நின்றது.