ஹைப்போவா, ஹைப்பரா? மருத்துவச் சொற்களின் வேரைத் தேடி

நான் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் நிகழ்ந்தது இது. ஓர் அதிகாலையில், அறுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவரை அவருடைய மகன் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். அம்மையாரின் உடல் முழுவதும் வியர்வை; அழைத்தால் முனகல் மட்டுமே பதில். பல ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்பவர். விரல் நுனியில் எடுத்த ஒரு துளி இரத்தத்தைச் சோதித்தோம். சர்க்கரை டெசிலிட்டருக்கு 38 மில்லிகிராம். சிரை வழியாகக் குளுக்கோஸ் செலுத்திய சில நிமிடங்களில் அவர் கண் திறந்து மகனைப் பெயர் சொல்லி அழைத்தார்.

மகனிடம் விசாரித்தேன். நள்ளிரவிலேயே தாயாருக்கு நடுக்கம் தொடங்கியிருக்கிறது. தேநீர் கேட்டிருக்கிறார். மகன் சர்க்கரை சேர்க்காமல் கொடுத்திருக்கிறார். "போன மாதம் இதே மாதிரி வந்தபோது ஹைப்போ என்று எழுதிக் கொடுத்தீர்களே டாக்டர்! சர்க்கரை ஏறிவிட்டது என்றுதானே அதற்கு அர்த்தம்?" என்று கேட்டபடி, சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். அதிலிருந்த கையெழுத்து என்னுடையது. ஹைப்போகிளைசீமியா என்ற ஒற்றைச் சொல்லை எழுதினேனே தவிர, அதன் பொருளை நான் சொல்லவில்லை.

அன்று முதல், அந்தச் சொல்லை எழுதும்போதெல்லாம் அதைப் பிரித்துப் பொருள் சொல்லிய பின்னரே அடுத்த நோயாளியை அழைக்கிறேன். இக்கட்டுரையும் அந்தப் பழக்கத்தின் நீட்சியே.

இரு பழைய மொழிகள்

ஆங்கில மருத்துவச் சொற்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் பிறந்தவை அல்ல. ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல்கள் கிரேக்க மொழியில் எழுதப்பட்டவை. உரோமாபுரியில் மருத்துவம் செய்த காலெனும் கிரேக்கத்திலேயே எழுதினார். பிற்காலத்தில் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் இலத்தீன் பாடமொழியாக விளங்கியது. 1543இல் வெசேலியஸ் வெளியிட்ட புகழ்பெற்ற உடற்கூற்றியல் நூல் இலத்தீனில்தான் அமைந்தது. இவ்விரு மொழிகளின் சொற்களை ஆங்கிலம் தனதாக்கிக்கொண்டது. புதிய நோய்க்குப் பெயர் தேவைப்பட்டபோதெல்லாம் அதே துண்டுகளை ஒட்டிப் புதுச் சொல் ஆக்கினார்கள். ஆகவே, உங்கள் அறிக்கையில் உள்ள நீண்ட சொல் பார்ப்பதற்கு மிரட்டினாலும், நாம் மேல்மாடி, கீழ்மாடி என்று சேர்த்துச் சொல்வதைப் போன்ற எளிய அமைப்புதான் அது.

கீழே ஒன்று, மேலே ஒன்று

கிரேக்கத்தில் ஹைப்போ என்றால் கீழே. ஹைப்பர் என்றால் மேலே. கிளைக்கிஸ் என்பது இனிப்பு. ஹைமா என்பது இரத்தம். மூன்றையும் சேர்த்தால், ஹைப்போகிளைசீமியா என்பது இரத்தத்தில் சர்க்கரை அளவுக்குக் கீழே போன நிலை. ஹைப்பர்கிளைசீமியா என்பது அளவுக்கு மேலே ஏறிய நிலை. காதில் விழும்போது ஓரெழுத்து வேறுபாடாகத் தோன்றும் இவ்விரண்டுக்கும் சிகிச்சை நேர் எதிரானது.

நினைவில் நிறுத்த ஒரு வழி உண்டு. இன்சுலினைத் தோலுக்குக் கீழே செலுத்துகிறோம். அவ்வகை ஊசிக்கு ஹைப்போடெர்மிக் என்று பெயர். டெர்மா என்றால் தோல். ஊசி இறங்குவது தோலுக்குக் கீழே. ஹைப்போவில் சர்க்கரையும் கீழே.

நீரிழிவுக்கு மருந்து எடுத்துக்கொள்பவருக்குத் திடீரென நடுக்கம், வியர்வை, கடும் பசி, படபடப்பு, குழப்பம் ஏற்பட்டால் சர்க்கரையைச் சோதியுங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால், அல்லது சோதிக்கக் கருவி இல்லையென்றால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கலந்து உடனே கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். ஏறவில்லையெனில் மறுமுறை கொடுங்கள். நினைவு இழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது; அவரைத் தாமதமின்றி மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

தைராய்டு நோயிலும் இதே இரட்டையர் உண்டு. தைராய்டு என்பது கேடயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். ஹைப்போதைராய்டு என்றால் அச்சுரப்பியின் ஹார்மோன் குறைவு. அதை மாத்திரையாக ஈடு செய்கிறோம். ஹைப்பர்தைராய்டு என்றால் ஹார்மோன் மிகுதி; அதைக் குறைக்க மருந்து தருகிறோம். இரண்டையும் வீட்டில் 'தைராய்டு மாத்திரை' என்றே அழைக்கிறோம். அக்காவின் மாத்திரை தீர்ந்துபோனதால் தங்கையின் மாத்திரையைப் போட்டுக்கொள்வது எத்தனை ஆபத்தானது என்பதை இனி நீங்களே உணரலாம்.

தேனும் தீவும்

டயாபடீஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஊடே கடந்து செல்வது என்பது பொருள். குடித்த நீரெல்லாம் உடலில் தங்காமல் வெளியேறுவதைக் கண்டு வைத்த பெயர் அது. நம் முன்னோரும் அதே அடையாளத்தைக் கண்டே நீரிழிவு என்றனர். இழிதல் என்றால் கீழிறங்கி ஒழுகுதல். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ், இந்நோயாளிகளின் சிறுநீர் இனிப்பதைப் பதிவு செய்தார். தேன் போல் இனிப்பது என்ற பொருளுடைய மெலிட்டஸ் என்ற இலத்தீன் சொல் பின்னர் நோயின் பெயரோடு சேர்ந்தது. இந்திய மருத்துவ நூல்கள் அந்த இனிப்பை நெடுங்காலம் முன்பே அறிந்து மதுமேகம் என்று வழங்கின.

இன்சுலின் என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. கணையத்தில் தீவுகளைப் போல் சிதறிக் கிடக்கும் செல்கூட்டங்களை 1869இல் லாங்கர்ஹான்ஸ் விவரித்தார். இன்சுலின் அங்குதான் சுரக்கிறது. தீவுக்கு இலத்தீனில் இன்சுலா என்று பெயர்.

பெயர்க் குழப்பம் மருத்துவர்களையும் விடுவதில்லை. டயாபடீஸ் இன்சிபிடஸ் என்று ஓர் அரிய நோய் உண்டு. இன்சிபிடஸ் என்றால் சுவையற்றது. சிறுநீர் அளவின்றிப் போகும் இந்நோய்க்கும் சர்க்கரைக்கும் தொடர்பில்லை. ஆயினும் முதற்சொல்லை மட்டும் பார்த்துச் சர்க்கரை நோய் என்று எண்ணி, தேவையான ஹார்மோன் மருந்தைக் கொடுக்காமல் விட்டதால் உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. அதனால் 2022இல் பன்னாட்டு நாளமில்லாச் சுரப்பியியல் வல்லுநர்கள் அந்தப் பெயரையே கைவிட்டு, ஹார்மோன் குறைபாட்டை நேரடியாகச் சுட்டும் புதிய பெயரை முன்மொழிந்தனர்.

டென்ஷன் இல்லாத ஹைப்பர்டென்ஷன்

"எனக்கு டென்ஷனே கிடையாது டாக்டர், எப்படி ஹைப்பர்டென்ஷன் வரும்?" என்று கேட்பவர்கள் பலர். டென்ஷன் என்பதன் இலத்தீன் வேருக்கு இழுத்து விறைப்பாக்குதல் என்று பொருள். இங்கே அது குறிப்பது இரத்தக் குழாய்களுக்குள் உள்ள அழுத்தத்தையே; மனத்தின் இறுக்கத்தை அன்று. மனம் அமைதியாக இருக்கிறது என்பதற்காக மாத்திரையை நிறுத்தினால், அழுத்தம் ஓசையின்றி இதயத்தையும் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும்.

இதேபோல், க்ரானிக் என்ற சொல்லைக் கண்டதும் கைவிடப்பட்ட நிலை என்று கலங்கிவிடுகிறார்கள். க்ரோனாஸ் என்றால் கிரேக்கத்தில் காலம். நீண்டகாலம் தொடர்வது என்பதற்கு மேல் அச்சொல் எதுவும் சொல்வதில்லை. நோய் எந்தக் கட்டத்தில் உள்ளது என்பதை அதைக்கொண்டு அறிய முடியாது. மருத்துவரிடம் தனியே கேட்டறிய வேண்டும்.

அறிக்கையில் அடிக்கடி காணும் சில சொல்லீறுகள்:

ஐட்டிஸ் – அழற்சி
பதி – நோய்
எக்டமி – வெட்டி அகற்றுதல்
ஸ்கோப்பி – கருவியால் உள்ளே பார்த்தல்
யூரியா என்று முடிவது – சிறுநீரில் காணப்படுவது

வேரை அறிந்தால் நோயை அறிந்துவிட்டோம் என்று கொள்ள வேண்டாம். எதைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பதை அது காட்டும், அவ்வளவே. டாக்டர் என்ற சொல்லின் இலத்தீன் வேருக்குக் கற்பித்தல் என்று பொருள். ஆகையால், அடுத்த முறை புரியாத சொல் ஒன்றை நாங்கள் எழுதித் தந்தால், தயங்காமல், "இதைப் பிரித்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பொருளை அந்தத் தாளிலேயே தமிழில் எழுதி வாங்கிக்கொண்டு, வீட்டில் உங்களைக் கவனித்துக்கொள்பவரிடமும் காட்டுங்கள். நள்ளிரவில் அந்தத் தாளைப் பிரித்துப் படிக்கப்போகிறவர் அவர்தான்.